“தீம் பார்க் எண்ட்ரி உட்பட” என்ற நோட்டீஸை நம்பி 41 பேர் ஏமாந்தோம்

மலேசியாவில் சுங்கை சிப்புட், கோலகங்சார், ஈப்போ பக்கம் இருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். அடுத்த பள்ளி விடுமுறைக்குள் உங்கள் தாமான் (குடியிருப்பு) வாட்ஸ்அப் குழுவுக்கும் இந்த நோட்டீஸ் வந்து சேரலாம்.

நோட்டீஸில் ஒரு நீலச் சறுக்கு. மஞ்சள் மிதவையில் உட்கார்ந்து, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, தண்ணீரோடு தண்ணீராக ஒரு சிறுமி இறங்கி வருகிறாள். மேலே “கெந்திங் மலை ஒரு நாள் சுற்றுலா”. கீழே “பஸ், கேபிள் கார், தீம் பார்க் எண்ட்ரி, மதியச் சாப்பாடு, கோயில் தரிசனம் எல்லாம் உட்பட”. பெரியவர்களுக்கு 180 வெள்ளி (ரிங்கிட்), 12 வயது வரை 140 வெள்ளி.

எங்கள் தாமானில் பாதிப் பேர் தோட்டத்து லயத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். பால்மரம் (ரப்பர்) வெட்டிய கைகள், இப்போது செம்பனையிலும் தொழிற்சாலையிலும் வேலை. குடும்பத்தோடு வெளியூர் போவதென்றால் தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலை முருகன் கோயில், இல்லையென்றால் கல்யாணம், கருமாதி. பிள்ளைகள் போனில் தீம் பார்க் வீடியோ பார்த்துப் பார்த்து ஏங்கிக்கொண்டிருந்தார்கள். நான் டவுனில் ஒரு ஹார்ட்வேர் கடையில் கணக்கு எழுதுகிறேன். அதனால் பணம் வசூலிக்கும் வேலையை என்னிடம் விட்டார்கள். மூன்று மாதம் வாரா வாரம் 20 வெள்ளி, 30 வெள்ளி என்று கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒவ்வொன்றையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தேன். பெரியவர்கள் 26, பிள்ளைகள் 15. மொத்தம் 6,780 வெள்ளி.

முழுப் பணத்தையும் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே பேங்க்-இன் பண்ணச் சொன்னார் ஏற்பாட்டாளர். கணக்கு ஒரு பெண் பெயரில் இருந்தது. கேட்டேன். “என் மனைவி பேருதான் அக்கா, கம்பெனி கணக்கு இப்பதான் திறக்கிறோம்” என்றார். அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். நீங்கள் நிறுத்துங்கள்.

விடியற்காலை நாலரைக்குக் கோயில் வாசலில் பஸ் ஏறினோம். ஏற்பாட்டாளர் வரவில்லை. அவருக்குப் பதில் இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பையன் வந்தான். தாப்பா ஓய்விடத்தில் பஸ் நின்றபோது ஆளுக்கு ஒரு பீஹூன் (அரிசி சேமியா) பொட்டலம் கொடுத்தான். பசியாறைக்கு என்று எல்லோரும் பிரித்தார்கள். “அது மதியச் சாப்பாடு, பத்திரமா வச்சுக்குங்க” என்றான். மணி அப்போது ஆறுகூட ஆகவில்லை.

அவானா கேபிள் கார் நிலையத்தில் இறக்கிவிட்டு டிக்கெட்டுகளைக் கொத்தாக என் கையில் திணித்தான். “மேல போனா தீம் பார்க். சாயங்காலம் ஆறு மணிக்கு இங்கயே வந்துடுங்க.” அவ்வளவுதான். தலை எண்ணவில்லை, கூட வரவுமில்லை, பஸ்ஸில் ஏறிப் படுத்துவிட்டான்.

அந்த கேபிள் கார் நடுவில் ஒரு நிலையத்தில் நிற்கும். அங்கே சின் சுவீ என்ற பெரிய சீனக் கோயில் இருக்கிறது. ஒன்பது அடுக்குக் கோபுரம், வெட்டவெளியில் உயரமான கல் புத்தர். எங்களோடு வந்த நாலு பாட்டிமார் கோபுரத்தைப் பார்த்ததும், நோட்டீஸில் போட்டிருந்த கோயில் தரிசனம் இதுதான் என்று இறங்கிவிட்டார்கள். நாங்கள் மேலே போய் எண்ணிப் பார்த்தால் 37 பேர். இரண்டு பாட்டிகளிடம் போனே இல்லை, மற்ற இருவரின் போன் மருமகள்களின் பையில். ஒன்றேகால் மணி நேரம் நாங்கள் பதறிக்கொண்டிருந்தபோது அவர்கள் புத்தருக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்து பீஹூன் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். “எந்தச் சாமியா இருந்தா என்னம்மா, நல்லாப் பார்த்தோம்” என்றார் மூத்தவர். உண்மையைச் சொன்னால் அன்று சொன்னபடி கிடைத்தது அந்த நாலு பேருக்குத்தான். ஆனால் மலையில் ஒரு பாட்டி வழுக்கி விழுந்திருந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

இப்போது அந்த நீலச் சறுக்குக்கு வருகிறேன்.

படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் தண்ணீர்ப் பூங்கா என்றே நினைத்தோம். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். பதினோரு பிள்ளைகள் சட்டைக்குள்ளே நீச்சலுடை போட்டு வந்தார்கள். துண்டு, மாற்றுத் துணி, தேங்காய் எண்ணெய்ச் சீசா எல்லாம் பையில். ஏழு வயதுப் பையன் ஒருவன் வீட்டிலேயே ஊதிய வாத்து மிதவையை இடுப்பில் மாட்டிக்கொண்டு கேபிள் காரை விட்டு இறங்கினான். கெந்திங் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம், 6,000 அடி. அன்று காலை வெளியே மூடுபனி, எதிரே வருகிற ஆள் தெரியவில்லை. கண்ணாடிக் கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்த பையன் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்து, “அம்மா, தண்ணி எங்கம்மா?” என்று கேட்டான்.

எங்கள் கூட்டத்தில் 71 வயதுத் தாத்தா ஒருவர், தோட்டத்தில் ஆட்களை மேய்த்து ஓய்வு பெற்ற தண்டல். பேரனுக்காக நேரே காவலாளியிடம் போய் “மானா ஆயெர்?”, அதாவது தண்ணீர் எங்கே என்று மலாயில் கேட்டார். காவலாளி மரியாதையாகக் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் கழிப்பறையைக் காட்டினார். தாத்தா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, “இங்க குழாய்தான் இருக்கு, குளத்தைக் காணோம்” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், எங்கள் ஆட்களும் சிரித்தார்கள். தாத்தா மட்டும் சிரிக்கவில்லை. கையில் துண்டோடு அப்படியே நின்றார்.

சரி, தண்ணீர் இல்லாவிட்டால் போகிறது, ராட்டினமாவது ஏறட்டும் என்று உள்ளரங்கப் பூங்காவுக்குப் போனோம். விளக்கும் பாட்டும் பார்த்ததும் பிள்ளைகள் குளிரை மறந்து ஓடினார்கள். முதல் ராட்டினத்தில் வரிசை நின்று முன்னால் போனால் பணிப்பெண் பாஸ் கேட்டார். எங்களிடம் கேபிள் கார் டிக்கெட்டைத் தவிர வேறொன்றும் இல்லை. எண்ட்ரி கட்டணம் கட்டிவிட்டோம் என்று நான் நோட்டீஸைக் காட்டினேன். அந்தப் பெண் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “காக், மாசோக் சீனி மெமாங் பெர்ச்சுமா.” அதாவது, இங்கே உள்ளே வருவது எப்போதுமே இலவசம்.

அந்த ஒரு வார்த்தையில்தான் எங்களுக்கு எல்லாம் புரிந்தது. மலைமேல் இருக்கும் பூங்கா இரண்டு. ஒன்று கட்டடத்துக்குள்ளே, கடைகளோடு சேர்ந்தது. யார் வேண்டுமானாலும் நடந்து போகலாம், ராட்டினம் ஏறத்தான் காசு. இன்னொன்று வெளியே, 2022 பிப்ரவரியில் திறந்தது. அதற்குத் தேதி குறிப்பிட்டு டிக்கெட் எடுக்க வேண்டும், மலேசியர் விலை வேண்டுமென்றால் மைகாட் (அடையாள அட்டை) காட்ட வேண்டும். ஏற்பாட்டாளர் காசே இல்லாத வாசலுக்கு எங்களிடம் “எண்ட்ரி” வசூலித்திருக்கிறார்.

எங்களில் நடுவயதுக்காரர்கள் ஏமாறியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தோடு கெந்திங் போனவர்களுக்கு, வாசலில் கையில் ஒரு பட்டை கட்டிவிட்டால் நாள் முழுக்க எதில் வேண்டுமானாலும் ஏறலாம் என்ற நினைவு. அந்தப் பழைய வெளிப்பூங்காவை 2013இலேயே மூடிவிட்டார்கள். பழைய நினைவை வைத்துக்கொண்டு “எண்ட்ரி” என்ற சொல்லைப் படித்தோம். ஏற்பாட்டாளருக்கு அது நன்றாகத் தெரியும்.

அங்கிருந்தே போன் போட்டேன். நாலாவது தடவை எடுத்தார்.

“தம்பி, பிள்ளைங்களை ஏத்த மாட்டேங்கறாங்க. பாஸ் எங்க?”

“அக்கா, எண்ட்ரி உட்பட-ன்னுதான் போட்டேன். ரைடு உட்பட-ன்னு போடலையே. நல்லாப் படிங்க.”

“அந்தத் தண்ணி சறுக்கு?”

“அது சும்மா டிசைனுக்கு அக்கா.”

டிசைனுக்கு. மூன்று மாதம் 20 வெள்ளி, 30 வெள்ளியாகச் சேர்த்த பணம்.

பெரும்பாலானவர்கள் கையில் சாப்பாட்டுக்கு வைத்திருந்த 30, 40 வெள்ளிதான் இருந்தது. துண்டை விரித்து எல்லோரும் போட்டதை எண்ணினோம். சின்னப் பிள்ளைகள் ஒன்பது பேருக்கு மட்டும் பாஸ் வாங்க முடிந்தது. அதிலும் இரண்டு பேருக்கு உயரம் போதாமல் அவர்கள் ஆசைப்பட்ட ராட்டினத்தில் ஏற்றவில்லை. எங்கள் வரிசை வீட்டுப் பையனுக்குப் பதின்மூன்று வயது. நோட்டீஸ் கணக்குப்படி அவன் பெரியவன், அவன் அம்மா முழு 180 வெள்ளி கட்டியிருந்தார். “எனக்கு வேணாம் ஆன்ட்டி, எனக்குத் தலை சுத்தும்” என்று சொல்லிவிட்டு எல்லோருடைய பைகளையும் வாங்கிக்கொண்டு தூண் ஓரமாக உட்கார்ந்துவிட்டான். பஸ்ஸில் வரும்போது எந்த ராட்டினத்தில் முதலில் ஏறுவது, எதில் இரண்டாவது என்று தாளில் வரைந்து எனக்குக் காட்டியவன் அவன்தான். அந்தத் தாளை மடித்து வாத்து மிதவைக்குள் சொருகி வைத்திருந்ததைச் சாயங்காலம் பார்த்தேன்.

இறங்கும்போது இன்னொன்று. கேபிள் கார் டிக்கெட் ஒரு வழிக்கு மட்டும். பஸ் கீழே நிற்கிறது, நாங்கள் மேலே. மீதிச் சில்லறையும் அதில் போனது.

வந்ததிலிருந்து நான் ஓடிக்கொண்டிருக்கிறேன். ஏற்பாட்டாளர் முதலில் “பாதிப் பணம் தர்றேன்” என்றார், அப்புறம் “அடுத்த மாதம்” என்றார், அப்புறம் என் எண்ணை அடைத்துவிட்டார். போலீஸில் புகார் கொடுத்தோம். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்திலும், அதாவது திரிபூனல் துந்துத்தான் பெங்குனாவில், வழக்குப் பதிந்திருக்கிறோம். இது பலருக்குத் தெரியவில்லை: பதிவுக் கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், நடந்து மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். இணையத்திலும் போடலாம். சிரமம் ஒன்றே ஒன்று. எதிராளியின் பெயரும் முகவரியும் வேண்டும். எங்களிடம் இருந்தது போன் எண்ணும் மனைவி பெயரில் ஒரு கணக்கு எண்ணும். கடைசியில் பஸ்காரரைத் தேடிப் பிடித்தேன். அவருக்கும் வாடகை பாக்கியாம். அவர்தான் முகவரியைக் கொடுத்தார்.

அதனால் சொல்கிறேன், பணம் கட்டும் முன்னால் கேளுங்கள். எந்தப் பூங்கா, பெயர் என்ன? உள்ளே போக மட்டுமா, ராட்டினத்துக்கும் சேர்த்தா? கேபிள் கார் போக மட்டுமா, வரவுமா? எழுத்தில் வாங்குங்கள், குரல் பதிவு போதாது. சுற்றுலா நடத்துபவர் 1992ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டப்படி சுற்றுலா அமைச்சின் உரிமம் வைத்திருக்க வேண்டும். உரிம எண்ணைக் கேட்டு அமைச்சின் தளத்தில் பாருங்கள். நான் பிறகுதான் தேடினேன், அந்தப் பெயரே அங்கே இல்லை. போன் எண்ணையும் கணக்கு எண்ணையும் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் போட்டு, மோசடிப் புகார் இருக்கிறதா என்று பாருங்கள். இணையத்தில் பணம் அனுப்பியதும் மோசடி என்று தெரிந்தால் தாமதிக்காமல் 997க்கு அழையுங்கள்.

பிள்ளைகளுக்குத் தண்ணீர்தான் வேண்டுமென்றால் நம் ஊருக்கு ஈப்போ தம்பூனில் வெந்நீர் ஊற்றோடு தண்ணீர்ப் பூங்கா இருக்கிறது, கெந்திங் வரைக்கும் ஓட வேண்டாம். ஆனால் இப்படிப்பட்ட இடங்களில் பருத்திச் சட்டை, கைலி, ஜீன்ஸோடு தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள், நீச்சலுடைத் துணி வேண்டும். ஜொகூர் லெகோலேண்டிலும் ராட்டினப் பூங்காவுக்கு ஒரு டிக்கெட், தண்ணீர்ப் பூங்காவுக்கு ஒரு டிக்கெட், இரண்டும் வேண்டுமென்றால் அதைச் சொல்லித்தான் வாங்க வேண்டும். பிள்ளைகளின் உயரத்தை வீட்டுச் சுவரிலேயே அளந்துகொள்ளுங்கள், பிள்ளைகளின் அடையாள அட்டையான மைகிட்டை மறக்காதீர்கள். வயதானவர்கள் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒரு போன் எண் எழுதிய தாள் இருக்கட்டும்.

நடுவர் மன்ற விசாரணை அடுத்த மாதம் ஈப்போவில். நோட்டுப் புத்தகம், நோட்டீஸ், பேங்க்-இன் ரிசிட், ஒரு வழி கேபிள் கார் டிக்கெட்டுகள் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நேற்று கோலகங்சாரில் இருக்கும் என் சித்தி மகள் ஒரு படம் அனுப்பி, “அக்கா, இது நல்லாருக்கா, போகலாமா?” என்று கேட்டாள். இந்த முறை ஜொகூர், பெரியவர்களுக்கு 260 வெள்ளி. போன் எண் வேறு, நோட்டீஸின் நிறம் வேறு. நீலச் சறுக்கும் மஞ்சள் மிதவையும் சிரிக்கிற சிறுமியும் அப்படியே இருக்கின்றன. அந்தப் படம் உங்களுக்கு வந்திருந்தால் கீழே எழுதுங்கள். யாராவது ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் இன்றைக்கே எனக்குத் தகவல் அனுப்புங்கள், முகவரி என்னிடம் இருக்கிறது.