ஐ-20 படிவத்தில் அந்த ஒரு வரியைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்

போன வாரம் நாமக்கல்லிலிருந்து ஒரு பெண் தன் ஐ-20 படிவத்தை, அதாவது மாணவர் விசாவுக்காக அமெரிக்கக் கல்லூரி தரும் படிவத்தை, படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். "அக்கா, எல்லாம் சரியா இருக்குதுங்களா? செவிஸ் ஃபீஸ் கட்டச் சொல்றாங்க, கட்டிடலாமா?" என்று கேட்டிருந்தாள். செவிஸ் என்பது விசாவுக்கு முன் அமெரிக்க அரசுக்குக் கட்டும் கட்டணம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'எஜுகேஷன் லெவல்' என்ற இடத்தில் 'லாங்குவேஜ் டிரெய்னிங்', அதாவது மொழிப் பயிற்சி, என்று இருந்தது. அவள் வீட்டில் சொல்லப்பட்டிருப்பது கம்ப்யூட்டர் சயின்ஸில் இரண்டு வருட அசோசியேட் டிகிரி. அனுப்பும் கன்சல்டன்சி, 2024-இல் என்னை அனுப்பிய அதே கோயம்புத்தூர் கன்சல்டன்சி.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எனக்கு நடந்தது அப்படியே இன்னொரு வீட்டில் நடக்கப்போகிறது என்று தெரிந்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. கன்சல்டன்சி பெயரையும் கல்லூரி பெயரையும் இங்கே போடவில்லை, நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடக்கிறது. பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அவர்கள் செய்யும் முறை தெரிந்தால் போதும். இந்த வேலையைச் செய்பவர்கள் ஒரே ஒரு கடைக்காரர் இல்லை.

எனக்குச் சொந்த ஊர் கரூர். அப்பா பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்க்கிறார். பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தேன், பி.எஸ்சி. ஒரு வருடம் படித்து நிறுத்தினேன். அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜ் என்று ஒன்று இருக்கிறது, முதல் இரண்டு வருடம் அங்கே குறைந்த செலவில் படித்துவிட்டு அடுத்த இரண்டு வருடத்துக்குப் பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளலாம் என்று ஒரு கண்காட்சியில் கேள்விப்பட்டோம். இது பொய் இல்லை. அங்கே லட்சக்கணக்கானவர்கள் அப்படித்தான் படிக்கிறார்கள். நல்ல வழிதான். அந்த நல்ல வழியைக் காட்டித்தான் எங்களை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள்.

கன்சல்டன்சி உரிமையாளர் அப்பாவிடம் சொன்னது இன்னும் அப்படியே காதில் இருக்கிறது. "பாப்பா தமிழ் மீடியம்னு சொல்றீங்க. ஐஇஎல்டிஎஸ் எழுதி ஃபெயில் ஆச்சுன்னா மனசு விட்டுப்போயிரும். அதெல்லாம் இல்லாமலே அட்மிஷன் வாங்கித் தர்றோம். அந்த இங்கிலீஷ் பரீட்சைக்குக் கட்டற பதினேழாயிரமும் உங்களுக்கு மிச்சம்ங்க."

அப்பாவுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. எனக்கும்தான். இங்கிலீஷ் என்றால் எனக்கு வயிற்றில் ஒரு பயம் இருந்தது, அவர் அதைப் பார்த்த உடனே கண்டுபிடித்துவிட்டார். அந்தப் பயத்துக்குத்தான் நாங்கள் ரூ.1,60,000 கொடுத்தோம்.

அந்த நேரத்தில் எங்களுக்குத் தெரியாத விஷயம் இது. பரீட்சை மதிப்பெண் இல்லாமலே கம்யூனிட்டி காலேஜில் சேரலாம் என்பது உண்மை. ஆனால் பல கல்லூரிகளில் மதிப்பெண் இல்லாதவரை டிகிரி படிப்பில் சேர்க்க மாட்டார்கள், இ.எஸ்.எல். என்கிற ஆங்கிலப் பயிற்சியில்தான் சேர்ப்பார்கள். அமெரிக்க அரசின் விதிப்படி, கல்லூரி கேட்கும் ஆங்கிலத் தகுதி இன்னும் வராத மாணவருக்கு "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று டிகிரிக்கான ஐ-20 கொடுக்கக் கூடாது. முதலில் மொழிப் பயிற்சிக்குத்தான் கொடுக்க வேண்டும். அதாவது 'ஐஇஎல்டிஎஸ் தேவையில்லை' என்று போர்டில் எழுதியிருப்பதற்கு, 'உங்களை டிகிரியில் சேர்க்கவில்லை' என்று அர்த்தம் இருக்கலாம்.

விண்ணப்பம் முழுவதையும் அவர்களே நிரப்பினார்கள். என் பெயரில் புதிதாக ஒரு ஈமெயில் முகவரி தொடங்கினார்கள். பாஸ்வேர்டு எனக்குத் தரவில்லை. "நூறு மெயில் வரும், உங்களுக்குக் குழப்பம், நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள். இதை இந்தப் பதிவில் வேறு எதையும்விட முக்கியமாக நினைக்கிறேன், அதனால் கீழே மறுபடியும் வருகிறேன்.

அப்பா ஒன்றும் விசாரிக்காமல் பணம் கொடுக்கவில்லை. 2011-இல் கலிஃபோர்னியாவில் டிரை-வேலி பல்கலைக்கழகத்தை அரசு மூடியபோது எத்தனையோ ஆந்திரப் பிள்ளைகள் தவித்த கதையைப் பட்டறையில் யாரோ சொல்லியிருந்தார்கள். அதனால் கல்லூரி நிஜமா, அமெரிக்க அரசின் பட்டியலில் இருக்கிறதா என்று என் மாமா பையனை வைத்துச் சரிபார்த்தார். இருந்தது. கல்லூரி நூற்றுக்கு நூறு நிஜம். ஐ-20 நிஜம், விசாவும் நிஜம். எதற்காக அனுப்புகிறார்கள் என்பது மட்டும்தான் பொய். அந்தக் கேள்வி எங்களுக்குத் தோன்றவில்லை.

ஐ-20 வந்ததும் காட்டினார்கள். நானும் பார்த்தேன். 'லாங்குவேஜ் டிரெய்னிங்' என்று இருக்கிறதே என்று கேட்கவும் கேட்டேன். "வெளிநாட்டுப் பிள்ளைங்க எல்லாருக்கும் முதல்ல அப்படித்தாம்மா போடுவாங்க, அங்க போனதும் ரெண்டு வாரம் ஓரியண்டேஷன், அப்புறம் தானா மாறிடும்" என்றார் அங்கே இருந்த மேடம். தானாக எதுவும் மாறாது. படிப்பு முடியும் தேதி ஒரே வருடத்தில் இருந்ததையும் நான் கவனிக்கவில்லை. இரண்டு வருட டிகிரிக்கு ஒரு வருடத் தேதி எப்படி இருக்கும்?

செவிஸ் கட்டணம் 350 டாலர், விசா கட்டணம் 185 டாலர் கட்டினோம். சென்னையில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் அதிகாரி கேட்டது ஒரே கேள்வி. இங்கிலீஷ் படிக்க ஏன் அமெரிக்கா வரை போகிறாய் என்றார். கன்சல்டன்சியில் மனப்பாடம் செய்ய வைத்த பதிலை அப்படியே ஒப்பித்தேன். என் படிப்பு என்ன என்று எனக்கு நேராக உண்மையைச் சொன்ன முதல் ஆள் அவர்தான். விசா கிடைத்த சந்தோஷத்தில் அந்தக் கேள்வி எனக்கு உறைக்கவில்லை.

2024 ஆகஸ்டில் கலிஃபோர்னியா வந்து சேர்ந்தேன். வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் எந்தெந்தக் கம்ப்யூட்டர் பாடங்களுக்குப் பதிவு செய்ய வேண்டும் என்று கேட்டேன். ஆலோசகர் அம்மா என் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, நீ டிகிரி மாணவி இல்லையே என்றார். நான் அவர் சொன்னது புரியவில்லை என்று நினைத்து இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். அவர் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, மறுபடியும் அதையேதான் சொன்னார்.

வாரத்துக்கு 18 மணி நேரம் ஆங்கில வகுப்பு. ஒரு பருவத்துக்கு 4,600 டாலர். அதில் ஒரு யூனிட்கூட, அதாவது பாடத்தை அளக்கும் ஒரு கிரெடிட்கூட, டிகிரிக்குச் சேராது. படிப்பு முடிந்ததும் அமெரிக்காவில் வேலைப் பயிற்சிக்குக் கிடைக்கும் ஓ.பி.டி. அனுமதி, மொழிப் பயிற்சி மாணவர்களுக்குக் கிடையவே கிடையாது.

நான் அழுததைப் பார்த்து அவர் தன் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். எனக்கு அவர்கள் அனுப்பிய மூன்று மெயில்கள் அதில் இருந்தன. முதல் மெயிலிலேயே தெளிவாக எழுதியிருந்தார்கள். ஆங்கிலத் தகுதிக்கான சான்று எதுவும் வரவில்லை, அதனால் மொழிப் பயிற்சிக்குத்தான் அனுமதி தருகிறோம், அசோசியேட் டிகிரியில் சேர விரும்பினால் இந்தத் தேதிக்குள் டோஃபல், ஐஇஎல்டிஎஸ், டுவோலிங்கோ என்கிற ஆங்கிலத் தேர்வுகளில் ஏதாவது ஒன்றின் மதிப்பெண்ணை அனுப்பவும் என்று. இரண்டாவது மெயில் அதற்கான நினைவூட்டல். கெடு முடிய அப்போது இன்னும் மூன்று வாரம் இருந்திருக்கிறது. மூன்றாவது மெயிலுக்கு என் பெயரில் யாரோ பதில் போட்டிருந்தார்கள், மொழிப் பயிற்சியே எனக்கு விருப்பம் என்று.

கல்லூரி என்னை ஏமாற்றவில்லை. மூன்று தடவை உண்மையைச் சொல்லியிருக்கிறது. நான் திறக்க முடியாத ஒரு பெட்டிக்குள் போய் அந்த உண்மை விழுந்திருக்கிறது.

சேர்த்துவிடும் ஒவ்வொரு மாணவருக்கும் கல்லூரி தரப்பிலிருந்து கன்சல்டன்சிக்குக் கமிஷன் போகிறது என்பதும் அன்றுதான் தெரிந்தது. என்னிடமும் வாங்கி அங்கேயும் வாங்கியிருக்கிறார்கள். பரீட்சை எழுத வைத்தால் நேரம் ஆகும், மதிப்பெண் குறைந்தால் அந்தப் பருவமே தள்ளிப்போகும். மொழிப் பயிற்சி என்றால் உடனே ஐ-20 கிடைக்கும், உடனே கமிஷன் வரும்.

ஒன்றைச் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. அந்த ஆங்கில வகுப்பு மோசமான வகுப்பு இல்லை. எங்கள் ஆசிரியை ஒவ்வொரு கட்டுரையையும் வரி வரியாகத் திருத்துவார். மெக்சிகோ, வியட்நாம், சீனா என்று பல ஊர்ப் பிள்ளைகளோடு வாயைத் திறந்து பேசித்தான் எனக்குக் கூச்சம் போனது. ஆங்கிலம் மட்டும் கற்றுக்கொள்ள வேண்டும், செலவழிக்கப் பணமும் இருக்கிறது என்று தெரிந்தே வருபவருக்கு அது நல்ல இடம். வேறு சில கல்லூரிகளில் டிகிரி ஐ-20 கொடுத்து, அதற்குள்ளேயே ஆங்கில வகுப்பையும் சேர்த்து எடுக்க விடுவார்கள். அதுவும் நல்ல ஏற்பாடு. என் கோபம் இ.எஸ்.எல். மேல் இல்லை. பட்டறைக் கூலியில் சேர்த்த பணத்தை டிகிரி என்று சொல்லி வாங்கி, டிகிரியில் சேராத ஒன்றுக்குக் கட்ட வைத்தார்களே, அதன் மேல்தான்.

நான் இருந்த வீட்டில் ஒரு வியட்நாம் அக்கா இருந்தார். பக்கத்து அடல்ட் ஸ்கூலில் சாயங்காலம் இலவசமாக ஆங்கிலம் படித்தார். நானும் போகலாமா என்று கேட்டேன். அவர் குடியேறி வந்தவர், அவருக்கு உண்டு. எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் வந்து அரசுப் பணத்தில் நடக்கும் அந்த அடல்ட் ஸ்கூலில் படிக்கச் சட்டத்தில் இடமில்லை.

கன்சல்டன்சி சொன்ன மற்ற விஷயங்களையும் ஒவ்வொன்றாக விசாரித்தேன். ஒரு வருடம் தங்கினால் உள்ளூர் மாணவர் ஆகிவிடலாம், கட்டணம் குறைந்துவிடும் என்றார்கள். கலிஃபோர்னியாவில் உள்ளூர் மாணவருக்கு யூனிட்டுக்கு 46 டாலர்தான், எங்களுக்கு 400 டாலருக்கு மேல். ஆனால் எஃப்-1 விசாவில் எத்தனை வருடம் இருந்தாலும் அந்தக் குறைந்த கட்டணம் வராது. கம்யூனிட்டி காலேஜ் முடித்தால் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உத்தரவாத இடம் என்றார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் அப்படி உத்தரவாத மாற்றம் தரும் வளாகங்கள் ஆறு. டேவிஸ், இர்வைன், மெர்சிட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ். பெர்க்லி அதில் இல்லை. வெளியில் கடைகளில் வேலை பார்த்துச் செலவைச் சமாளிக்கலாம் என்றார்கள். அதைக் கேட்டு நடந்திருந்தால் விசா நிலையே போயிருக்கும். வகுப்பு நடக்கும் காலத்தில் கல்லூரி வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம், அவ்வளவுதான்.

கடைசியில் ஆலோசகர் அம்மாவே வழி சொன்னார். கட்டணத்தைக் கட்டி வீட்டில் உட்கார்ந்து டுவோலிங்கோ தேர்வு எழுதினேன். கல்லூரி கேட்டது 95, எனக்கு 105 வந்தது. ஊரிலேயே எழுதியிருந்தால் 105 வந்திருக்காது, ஆனால் 95-ஐத் தொட்டிருப்பேன் என்று இன்று நம்புகிறேன். கெடுவுக்கு மூன்று வாரம் இருந்ததே. டிகிரி ஐ-20 கிடைத்து 2025 ஜனவரியில் அசோசியேட் படிப்பு தொடங்கினேன். கட்டணம், வாடகை, சாப்பாடு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து அந்த ஆங்கில வகுப்புப் பருவத்துக்குப் போனது 9,000 டாலர், அன்றைக்கு ஏழரை லட்சம் ரூபாய். அப்பாவிடம் முழுக் கணக்கையும் சொல்லவே எனக்கு இரண்டு மாதம் ஆனது. "விடு சாமி, நீ படி" என்றார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மட்டும் ஒன்று. டிகிரியில் நேராகச் சேர்ந்தால் ஆங்கிலம் புரியாமல் தோற்றுப்போவோம் என்றுதான் பயப்படுகிறோம். அதற்கும் விதியிலேயே இடம் இருக்கிறது. ஆரம்பத்தில் ஆங்கிலத்தாலோ பாட வாசிப்பாலோ திணறுகிறீர்கள் என்றால், கல்லூரியில் வெளிநாட்டு மாணவர் விவகாரங்களைப் பார்க்கும் டி.எஸ்.ஓ. என்ற அலுவலரின் அனுமதியோடு வழக்கமான 12 யூனிட்டுக்குப் பதில் குறைந்தது ஆறு யூனிட் எடுத்துக்கொண்டு அந்தப் பருவத்தை ஓட்டலாம். அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். நீங்களாகப் பாடத்தை விட்டுவிட்டால் விசா நிலை போய்விடும்.

நீங்கள் இப்போது ஏதாவது கன்சல்டன்சியில் இருந்தால், விண்ணப்பத்தில் உங்கள் சொந்த ஈமெயிலைத்தான் போட வேண்டும் என்று சொல்லுங்கள். ஏற்கெனவே அவர்கள் ஒன்று தொடங்கியிருந்தால் பாஸ்வேர்டை இன்றே கேளுங்கள். தர மறுத்தால் கல்லூரிக்கு நேரடியாக எழுதுங்கள், பதில் வரும். அமெரிக்க அரசின் எஜுகேஷன் யு.எஸ்.ஏ. ஆலோசனை மையம் சென்னையிலேயே இருக்கிறது, ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை. இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் ஒரு பஸ் டிக்கெட் செலவோடு முடிந்திருக்கும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே என்றார்கள். கையெழுத்து அப்பாவுடையது என்பதால் அவர் பெயரிலேயே புகார் கொடுத்தோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கோயம்புத்தூருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் புகார்க் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பேசினோம், பிறகு ஆன்லைனிலேயே பதிவு செய்தோம். என் பெயரில் போன பதில் மெயிலைக் கல்லூரி எனக்கு அனுப்பிக் கொடுத்தது, அதுதான் எங்கள் முக்கியச் சான்று. விசாரணைக்குப் பட்டறையில் அரை நாள் லீவு போட்டு அப்பாதான் போய்வருகிறார்.

நாமக்கல் பெண்ணின் அப்பா நேற்று கன்சல்டன்சிக்கு நேரில் போய் ஈமெயில் பாஸ்வேர்டு கேட்டார். சிஸ்டம் ஆள் லீவு, இரண்டு நாளில் தருகிறோம் என்றார்களாம். அவரை அங்கேயே உட்காரச் சொன்னேன். மூன்று மணி நேரம் உட்கார்ந்தார், கொடுத்துவிட்டார்கள். அவளுக்கும் கல்லூரியிலிருந்து அதே மெயில் வந்திருக்கிறது. மதிப்பெண் அனுப்ப அவளுக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. சனிக்கிழமை தேர்வு எழுதுகிறாள். செவிஸ் கட்டணம் இன்னும் கட்டவில்லை.