வெளிநாட்டிலிருந்து திரும்புவோருக்கு விற்கப்படும் ‘முழு வீட்டுத் தொகுப்பு’: ஓர் எச்சரிக்கை

நீண்ட காலம் வெளிநாட்டில் வாழ்ந்துவிட்டுச் சிங்கப்பூருக்குத் திரும்பும் குடும்பங்களைக் குறிவைத்து, குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், எரிவாயு அடுப்பு, மெத்தை, சாப்பாட்டு மேசை ஆகிய அனைத்தையும் ஒரே விலைக்குப் பேசி, அந்த வாரமே வீட்டில் இறக்கித் தருவதாகச் சொல்லும் தொகுப்பு வியாபாரம் ஒன்று இங்கே நடக்கிறது. நியூ ஜெர்சியிலிருந்து திரும்பிய நாங்கள் அப்படியொரு கடையில் 4,860 சிங்கப்பூர் வெள்ளி கொடுத்தோம். அதில் ஒரு பகுதியை மீட்க மாதக்கணக்கில் அலைந்தோம். கடையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பெயரைத் தெரிந்துகொள்வதைவிட, அவர்கள் எந்தெந்த இடத்தில் எப்படிக் கை வைக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்வதுதான் வரப்போகிறவர்களுக்கு உதவும்.

அமெரிக்காவிலிருந்து வருபவர்கள் மின்சாதனங்களைக் கப்பலில் ஏற்றுவதில் பெரும்பாலும் பயனில்லை. அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். எனவே பாத்திரங்களையும் புத்தகங்களையும் துணிமணிகளையும் மட்டும் அனுப்பிவிட்டு மற்றவற்றை அங்கேயே விற்றுவிட்டோம். உட்லண்ட்ஸில் உள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டைக் காலி செய்த வாடகைக்காரர்கள் விட்டுச்சென்றது, ஓடாத ஒரு பழைய குளிர்சாதனப் பெட்டி மட்டுமே. பிள்ளைகளுக்குப் பள்ளி திறக்கும் நேரம். என் மாமியாரோ தரையில் பாய் விரித்துப் படுக்கும் வயதைக் கடந்தவர். இத்தகைய அவசரம்தான் அந்தக் கடைக்காரர்களின் முதலீடு. போதாததற்கு, விலைகளைப் பற்றிய நம் நினைவும் பழையதாகிவிடுகிறது. நாங்கள் புறப்பட்டபோது 7 விழுக்காடாக இருந்த பொருள், சேவை வரி 2024ஆம் ஆண்டு முதல் 9 விழுக்காடாக உள்ளது. ஒரு சலவை இயந்திரத்துக்கு இன்று எது நியாயமான விலை என்று சட்டென்று சொல்ல, திரும்பி வந்த புதிதில் யாராலும் இயலாது.

எங்கள் வட்டாரத்தின் தொழிற்பேட்டைக் கட்டடம் ஒன்றின் மேல்மாடியில் அந்தக் காட்சிக்கூடம் இருந்தது. விற்பனையாளர் தமிழர், மரியாதையாகவும் கனிவாகவும் பேசினார். “அக்கா, நீங்க கடை கடையா ஏறி இறங்க வேணாம். வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுறதுக்கு வீடு ரெடியா இருக்கும், அது என் பொறுப்பு,” என்றார். முன்பணமாக 500 வெள்ளியைக் கடன்பற்று அட்டையில் வாங்கிக்கொண்டு, மீதியைப் பொருள் வருவதற்கு முன்பே பேநவ் என்னும் உடனடி வங்கிப் பணமாற்று வழியாகச் செலுத்தச் சொன்னார். அட்டையில் கட்டினால் கூடுதலாக 3 விழுக்காடு ஆகும் என்றார். கையிருப்பு இல்லாவிட்டால் இணையான வேறு மாதிரி வழங்கப்படும் என்று ரசீதின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. அதைப் பற்றிக் கேட்டதற்கு, அது எல்லா ரசீதிலும் அச்சிட்டு வருவது, நமக்குப் பொருந்தாது என்றார். அன்றிரவே என் கணவர் ஒவ்வொரு பொருளின் மாதிரி எண்ணையும் வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்து அனுப்பி, “இவைதானே வரும்?” என்று கேட்டார். “ஆமாண்ணே, கன்ஃபர்ம்,” என்று பதில் வந்தது. பின்னால் எங்களைக் காப்பாற்றியது ரசீதன்று, இந்த ஒற்றை வரிப் பதில்தான்.

சொன்ன வெள்ளிக்கிழமை எதுவும் வரவில்லை. அதற்கடுத்த வாரம் ஒரு மாலையில் லாரி வந்தது. குளிர்சாதனப் பெட்டி அட்டைப்பெட்டி இல்லாமல், ஒரு பழைய போர்வையில் சுற்றப்பட்டு வந்து இறங்கியது. போர்வையை நீக்கியபோது கதவின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டுநாடாவின் பிசுக்கு சதுரமாகப் படிந்திருந்தது. விலைச்சீட்டு ஒட்டியிருந்த இடம் என்பது பார்த்தவுடனே தெரிந்தது. உள்ளே காய்கறித் தட்டின் ஓரத்தில் ஒரு கீறல். நாங்கள் தேர்ந்தெடுத்ததன் எரிசக்தி முத்திரையில் மூன்று குறிகள் இருந்தன, வந்ததில் இரண்டு (குறிகள் கூடினால் மின்செலவு குறைவு). மாதிரி எண்ணின் கடைசி இரண்டு எழுத்துகள் மட்டும் வேறு. அதாவது, காட்சிக்கு வைத்திருந்த ஒரு கீழ்நிலை மாதிரியைப் புதியதென்று அனுப்பியிருக்கிறார்கள். கொண்டுவந்த தொழிலாளர்களோ, கீழே லாரி வழியை மறித்து நிற்கிறது, முதலில் கையெழுத்துப் போடுங்கள் என்று அவசரப்படுத்தினார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நாள் முழுவதும் சுமை தூக்கிக் களைத்திருந்த இளைஞர்கள், தண்ணீர் கொடுத்தபோது தயங்கித்தான் வாங்கினார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன், வந்த மாதிரியின் எண்ணையும் கீறலையும் பிசுக்கையும் விநியோகச் சீட்டிலேயே பேனாவால் எழுதி, அந்தச் சீட்டையும் பெட்டியையும் படமெடுத்துக்கொண்டோம்.

அந்தச் சீட்டில் மேலும் இரண்டு தொகைகள் இருந்தன. ஒன்று படிக்கட்டுக் கட்டணம். எங்கள் தளத்தில் மின்தூக்கி நிற்கிறது, அவர்கள் ஒரு படி கூட ஏறவில்லை. மற்றொன்று, பழைய குளிர்சாதனப் பெட்டியை அப்புறப்படுத்த 60 வெள்ளி. இதைப் பற்றி எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 2021ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், தொலைக்காட்சி போன்றவற்றைப் புதிதாகக் கொண்டுவந்து தரும் விற்பனையாளர், அதே வகையைச் சேர்ந்த பழைய சாதனம் ஒன்றை வாடிக்கையாளர் கேட்டால் கட்டணமின்றி எடுத்துச்செல்ல வேண்டும். இலவசமாகச் செய்ய வேண்டிய வேலைக்குத்தான் 60 வெள்ளி கேட்டார்கள்.

மெத்தையும் சொன்ன மெத்தையல்ல, அதை விட்டுவிடுகிறேன். அடுப்பைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். எரிவாயு இணைப்பைத் திறந்துவிட வந்த தொழில்நுட்பர் அடுப்பைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தார். அங்கே ஒட்டியிருந்த சீட்டைச் சுட்டிக்காட்டி, இது எல்பிஜி உருளைக்கான அடுப்பு, இதை உங்கள் வீட்டுக் குழாயில் பொருத்த முடியாது என்று சொல்லிவிட்டார். சிங்கப்பூரில் சில வீடுகளில் உருளை, சில வீடுகளில் குழாய்வழி நகர எரிவாயு. நகர எரிவாயுவில் ஹைட்ரஜன் பெரும்பங்கு. உருளையில் இருப்பது புரொப்பேன், பியூட்டேன். இரண்டுக்கும், அடுப்பில் எரிவாயு வெளிவரும் பீச்சுதுளையின் அளவு வேறு. மாற்றிப் பொருத்தினால் தீ சரியாக எரியாது என்பதோடு ஆபத்தும் உண்டு. எங்கள் வீட்டில் குழாய் எரிவாயு என்று விற்பனையாளரிடம் சொல்லியிருந்தோம், ரசீதிலும் அப்படித்தான் இருந்தது. ஆனால் கிடங்கில் எது கிடந்ததோ அது வந்தது.

இவற்றைவிடப் பெரிய அதிர்ச்சி சலவை இயந்திரத்தில் காத்திருந்தது. உத்தரவாதத்தைப் பதிவு செய்வதற்காகத் தொடர் எண்ணைச் சொல்லித் தயாரிப்பு நிறுவனத்தின் சேவை மையத்தை அழைத்தபோது, அது சிங்கப்பூர் முகவர் வழியாக வந்த இயந்திரம் அல்ல என்றும், வேறு நாட்டுச் சந்தைக்காகத் தயாரானதை யாரோ நேரடியாக இறக்குமதி செய்திருக்கிறார்கள் என்றும், அதற்கு அவர்களின் உத்தரவாதம் செல்லாது என்றும் சொன்னார்கள். இத்தகைய இறக்குமதி சட்டவிரோதமல்ல. விலை குறைவு என்பதால் தெரிந்தே வாங்குபவர்களும் உண்டு. தெரிவிக்காமல், முகவர் உத்தரவாதம் என்று சொல்லி விற்பதுதான் மோசடி. பெரிய சாதனம் எதை வாங்கினாலும், உத்தரவாதம் முகவருடையதா கடையுடையதா என்பதை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் எழுந்து வந்துவிடலாம்.

இனி, பணத்தை மீட்ட வழி. கடையில் நேரில் சென்று வாங்கிய பொருளை, மனம் மாறிவிட்டது என்ற காரணத்துக்காகத் திருப்பிக் கொடுக்கும் சட்ட உரிமை இங்கே கிடையாது. ஆனால் சொன்னதுபோல் இல்லாத பொருளின் கதை வேறு. 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள, ‘லெமன் சட்டம்’ என்று அழைக்கப்படும் விதிகளின்படி, பொருளைப் பெற்ற ஆறு மாதங்களுக்குள் தெரியவரும் குறை, தரும்போதே இருந்ததாகக் கருதப்படும்; அப்படியில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு விற்றவருடையது. அவர் பழுதுபார்த்துத் தர வேண்டும் அல்லது மாற்றித் தர வேண்டும். நியாயமான காலத்துக்குள் அதைச் செய்யாவிட்டால் விலைக்குறைப்போ பணமோ கேட்கலாம். இதைச் சுட்டிக்காட்டி மின்னஞ்சல் அனுப்பினோம். பதில் விசித்திரமாக இருந்தது: பணம் பெற்றது நாங்களல்ல, வேறொரு நிறுவனம், அவர்களைக் கேளுங்கள்.

உண்மையிலேயே பெயர்ப்பலகையில் ஒரு பெயரும், பேநவ் வழியாகப் பணம் போன கணக்கில் வேறு பெயரும் இருந்தன. ரசீதில் அச்சிட்டிருந்த யூஇஎன் எனப்படும் பதிவெண்ணை, நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசாங்க அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் தேடினோம். அது கட்டணமில்லாத தேடல். நிறுவனம் நடப்பில் இருக்கிறதா, மூடப்பட்டுவிட்டதா என்பது அங்கே தெரிந்துவிடும். எங்கள் நல்ல காலம், இரண்டாவது நிறுவனம் நடப்பில்தான் இருந்தது. வழக்குத் தொடுக்க வேண்டியது பதிவெண்ணுக்கு உரிய நிறுவனத்தின் மீது, பலகையில் உள்ள பெயரின் மீதல்ல. பணம் கட்டுவதற்கு முன், ரசீதில் உள்ள பெயர், பதிவெண், பணம் போகும் கணக்கின் பெயர் ஆகிய மூன்றும் ஒன்றுதானா என்று பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

முதலில் கேஸ் என்று அறியப்படும் பயனீட்டாளர் சங்கத்தை அணுகினோம். அது அரசாங்க அமைப்பு அல்ல, யாருக்கும் ஆணையிடும் அதிகாரமும் அதற்கு இல்லை. இருந்தாலும் அவர்களின் கடிதம் போன பிறகு அடுப்பு மாற்றப்பட்டது, படிக்கட்டுக் கட்டணமும் 60 வெள்ளியும் திரும்பின. குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம் இரண்டுக்காகவும் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போக வேண்டியதாயிற்று. 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளையும், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரையிலானவற்றையும் அம்மன்றம் விசாரிக்கிறது. பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுகளுக்குள் இணையவழி மனுச் செய்ய வேண்டும். 5,000 வெள்ளிக்கு மேற்படாத கோரிக்கைக்குத் தனிநபர் கட்டுவது 10 வெள்ளி. வழக்கறிஞர்கள் வாதாட அனுமதியில்லை என்பதால், எதிரில் கறுப்பு அங்கி வந்து நிற்குமோ என்று பயப்பட வேண்டியதில்லை. வாட்ஸ்அப் பதிலையும், பேனாவால் குறிப்பெழுதிய விநியோகச் சீட்டின் படத்தையும், சேவை மையத்தின் மின்னஞ்சலையும் வைத்தோம். விசாரணைக்கு முந்தைய கலந்துரையாடலிலேயே கடைக்காரர் இறங்கி வந்தார்: குளிர்சாதனப் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழு விலையைக் கொடுத்தார்; சலவை இயந்திரத்துக்கு விலையில் ஒரு பகுதியைக் கழித்துத் தந்தார். மெத்தையை நாங்கள் கோரிக்கையில் சேர்க்கவில்லை.

அப்படியானால் எங்கே வாங்குவது? முதல் இரவுக்குத் தேவையானவற்றையும் பல ஆண்டுகள் உழைக்க வேண்டியவற்றையும் பிரித்துவிட்டாலே பாதி அவசரம் குறைந்துவிடும். சோற்றுப் பானை, குக்கர், கெண்டி, வாளி, துடைப்பம், மளிகை இவையெல்லாம் சையத் ஆல்வி ரோட்டில் உள்ள முஸ்தஃபா கடையில் ஒரே நடையில் முடிந்துவிடும்; இட்லிப் பானைக்கும் தோசைக்கல்லுக்கும் சிராங்கூன் ரோட்டுப் பாத்திரக் கடைகளையும் பார்க்கலாம். இந்தியாவிலிருந்து கொண்டுவரும் மிக்சி 230 வோல்ட்டில் ஓடும்; ஆனால் அதன் உருண்டை முனைச் செருகி இங்குள்ள சதுர முனைத் துளையில் நுழையாது. சோற்றுப் பானை, மின்கெண்டி போன்றவற்றில் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மெத்தைக்கு, சுருட்டிக் கட்டித் தருவதால் டாக்சியிலேயே எடுத்துவரக்கூடிய ஒன்றை ஐக்கியாவில் வாங்கிச் சமாளிக்கலாம். அலெக்சாண்டிரா, தெம்பனிஸ், ஜூரோங் ஆகிய மூன்று இடங்களில் கடை உண்டு. துணி துவைக்க, அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உள்ள சலவைக்கடை சில வாரங்களுக்குப் போதும்.

குளிர்சாதனப் பெட்டியையும் சலவை இயந்திரத்தையும் கோர்ட்ஸ், கெயின் சிட்டி, ஹார்வி நார்மன், பெஸ்ட் டென்கி போன்ற பெரிய கடைகளில் விலை ஒப்பிட்டு, தனித்தனியாக வாங்குவதையே நான் இப்போது சொல்வேன். அவர்களும் தர்மத்துக்குக் கடை வைத்திருக்கவில்லை. கூடுதல் உத்தரவாதத்தை வாங்கச் சொல்லி நச்சரிக்கத்தான் செய்வார்கள். மேசை, நாற்காலி, அலமாரி போன்றவற்றுக்குக் பழைய பொருள்களை வாங்கி விற்கும் கரோசெல் என்னும் இணையச் சந்தையில் வாங்குவது மலிவு. ஆனால் லெமன் சட்டம் வணிகர்களிடம் வாங்கும் பொருளுக்குத்தான். வீடு மாறும் தனிநபர் விற்கும் பொருளுக்கு அது பொருந்தாது. ஆகவே முன்பணம் அனுப்பாமல், நேரில் போய்ப் பார்த்து, பொருளை வண்டியில் ஏற்றும்போது பணம் கொடுங்கள்.