புரட்டிப் படிக்கும்போது கண்ணாடி மூக்கில் இருக்கட்டுமா, மேஜையில் இருக்கட்டுமா?

போட்டோரீடிங் பழக உட்காரும் கண்ணாடிக்காரர்கள் எல்லோரும் முதல் நாளே முட்டிக்கொள்ளும் கேள்வி இது. அமெரிக்காவில் பால் ஷீலே என்பவர் 1980களில் கிளப்பிவிட்ட முறை. வரி வரியாகப் படிக்காமல் பார்வையைத் தளரவிட்டு, ஒன்றிரண்டு விநாடிக்கு ஒரு புரட்டு என்று புத்தகம் முழுவதையும் தள்ளிக்கொண்டே போனால் போதும், உள்மனசு எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்ளும், நமக்கு வேண்டியதை அப்புறம் அதனிடம் கேட்டுப் பெறலாம் என்கிறார்கள். பின்னந்தலைக்கு மேலே ஒரு கமலா ஆரஞ்சு மிதப்பதாக நினைத்துக்கொள்ளவும் சொல்வார்கள். சிரிக்காதீர்கள், நானும் மிதக்கவிட்டிருக்கிறேன்.

கண்ணாடிப் பிரச்சினை எங்கே வருகிறது என்றால், அந்தத் தளர்ந்த பார்வையில். புத்தகத்தை விரித்துவைத்து, அதற்கு மேலே தெரியும் சுவரைப் பார்ப்பது போலக் கண்ணை விட வேண்டும். நடு மடிப்பு இரண்டாகப் பிரிந்து, இடையில் ஒல்லியாக ஒரு போலிப் பக்கம் தெரிந்தால் சரியாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம். இரண்டு ஆள்காட்டி விரல் நுனிகளை மூக்குக்கு எதிரே ஒட்டவைத்து, அதைத் தாண்டித் தூரத்தில் பார்த்தால் நடுவில் ஒரு குட்டி விரல் மிதக்குமே, அதே வித்தைதான்.

இப்போது போட்டியாளர்களுக்கு வருவோம்.

வழக்கமாகப் போடும் கண்ணாடியை அப்படியே போட்டுக்கொண்டு உட்காருவது முதல் வழி. பலரும் இதைத்தான் செய்கிறார்கள், இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இரண்டு கண்ணும் உள்பக்கம் திரும்புவதும் கிட்டத்தில் ஃபோகஸ் ஆவதும் ஒரே கயிற்றில் கட்டியவை. பார்வையைச் சுவருக்கு விட்டதும் ஃபோகஸும் பொதுவாகக் கூடவே சுவருக்குப் போய்விடும். ஆக, சரியான பவர் கண்ணாடி போட்ட இளவயசுக்காரருக்கும், கண்ணாடியே தேவைப்படாதவருக்கும், தளர்ந்த பார்வையில் பக்கம் மங்கலாகத்தான் தெரியும். போட்டும் மங்கல்.

கழற்றி வைப்பது அடுத்த வழி. இங்கே பவர்தான் எல்லாம். கிட்டப்பார்வைக்காரர்கள் 100ஐத் தங்கள் மைனஸ் பவரால் வகுத்துப் பாருங்கள். கண்ணாடி இல்லாமல் எத்தனை சென்டிமீட்டர் வரை தெளிவாகத் தெரியும் என்பது வந்துவிடும். மைனஸ் 2.5 என்றால் 40 செ.மீ., அதாவது புத்தகம் பிடிக்கும் தூரமேதான். என்னுடையது மைனஸ் 2.75, கணக்குப்படி 36 செ.மீ. கழற்றிவிட்டுப் புத்தகத்தை அந்த இடத்தில் பிடித்தால், கண் சுவரைப் பார்க்கும் நிலையில் தளர்ந்தே இருக்கிறது, எழுத்தும் பளிச்சென்று நிற்கிறது, போலிப் பக்கமும் சுலபமாகப் பிரிகிறது. மைனஸ் 2இல் இருந்து 3 வரை உள்ளவர்களுக்கு இது கிட்டத்தட்ட ஓசியில் கிடைத்த வசதி. மைனஸ் 6 என்றால் 17 செ.மீ.கூட வராது, மூக்கில் புத்தகம் இடிக்கும், விரித்த இரண்டு பக்கமும் ஒருசேரப் பார்வைக்குள் அடங்காது. பிளஸ் பவர்காரர்கள் கழற்றினால் கிட்டத்து எழுத்துதான் முதலில் போகும், அதனால் இந்த வழி அவர்களுக்கு வேண்டாம். சிலிண்டர் பவர் (கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றுபோல இல்லாததைச் சரிசெய்யும் பவர்) கணிசமாக இருப்பவர்களுக்கும் தூரத்தை மாற்றிப் பிடித்தால் சரியாகாது. கோடுகள் ஒரு திசையில் இழுபட்டு, தமிழ்ப் புத்தகம் என்றால் மெய்யெழுத்தின் புள்ளி முதலில் காணாமல் போகும்.

கண்ணாடியைக் கழற்றினால் பார்வையே குணமாகும் என்று சிலர் இதோடு சேர்த்துச் சொல்வதுண்டு. அது வில்லியம் பேட்ஸ் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் நூறு வருஷத்துக்கு முன்னால் விட்ட சரடு, வேக வாசிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு ரீடிங் கிளாஸ்தான் நல்ல துணை. அதுவும் கழற்றிய மைனஸ் 2.5 கண்ணைப் போலவே, கண் மெனக்கெடாமல் 40 செ.மீ. தூரத்தைத் தெளிவாக்குகிறது. ஆனால் ப்ரோக்ரெசிவ், அதாவது தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸில் பவர் மாறிக்கொண்டே போகும் கண்ணாடி, அதைப் போட்டுக்கொண்டு மட்டும் இதில் இறங்காதீர்கள். கிட்டத்துக்கான இடம் லென்ஸின் அடியில் ஒரு சிறு திட்டு, இரண்டு ஓரமும் நெளியும். முழுப் பக்கத்தையும் ஒரே பார்வையில் வாங்கு என்று பயிற்சி சொல்லும்போது, ப்ரோக்ரெசிவ் காட்டுவது பக்கத்தில் ஒரு ஜன்னலை. நான் தாடையைத் தூக்கித் தூக்கி அந்த ஜன்னலைத் தேடியதில் கழுத்து வலிதான் மிச்சம்.

காண்டாக்ட் லென்ஸில் பிரேம் மறைக்காது, கண் போகும் இடமெல்லாம் லென்ஸும் வரும். ஆனால் வெறித்துப் பார்க்கும்போது இமைக்க மறந்துவிடுகிறோம், காய்ந்து உறுத்தும். கிட்டத்தில் பார்க்க, கிட்டப்பார்வைக்காரருக்குக் கண்ணாடியைவிட லென்ஸில் கொஞ்சம் கூடுதல் முயற்சியும் தேவை.

சரி, மைனஸ் 2.5காரர்தான் ஜெயித்தாரா? பக்கம் தெளிவாகத் தெரிகிறது என்ற அளவில் ஜெயித்தார். படித்தாரா என்பது வேறு. எழுத்தைப் பிரித்தறியும் கூர்மை விழித்திரையின் நடுவில் சுமார் 2 டிகிரிக்குள்தான் இருக்கிறது, 40 செ.மீ. தூரத்தில் அது பக்கத்தின் மேல் ஒன்றரை செ.மீ. அகலம்கூட இல்லை. அதைத் தாண்டினால் கூர்மை சரிகிறது, அந்தச் சரிவு விழித்திரையின் அமைப்பிலேயே இருப்பது. எந்தப் பவரும் அதைத் திருத்தாது. போலிப் பக்கத்தை வெறித்துக்கொண்டிருப்பவருக்கு இருபுறமும் உள்ள வரிகளில் பெரும்பகுதி இந்தச் சரிவில்தான் விழுகிறது. உள்மனசு எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் அதற்கென்று தனிக் கண் கிடையாது. 1990களின் கடைசியில் நாசாவுக்காக டானியெல் மெக்நமாரா என்ற உளவியல் ஆய்வாளர் இந்த முறையைச் சோதித்தபோதும், சொல்லப்பட்ட அசுர வேகமோ கூடுதல் புரிதலோ தென்படவில்லை. சோதனை சிறியது, பங்கேற்றவர்கள் இருவர்தான். ஆனாலும் அதில் ஒருவர் இந்த முறையில் தேர்ந்தவர்.

அதனால் புரட்டும் கட்டத்தில் என் தீர்ப்பு, எது தலைவலி தரவில்லையோ அதைச் செய்யுங்கள் என்பதுதான். சண்டை போட வேண்டிய இடம் மற்ற கட்டங்கள். புரட்டுவதற்கு முன்னால் பொருளடக்கம், தலைப்புகள், முதல் வரிகளை மேய்வது, கேள்விகளை எழுதிக்கொள்வது, அப்புறம் திரும்பிப் போய் வேண்டிய பத்திகளில் இறங்குவது. இந்த முறையால் பலன் கண்டதாகச் சொல்பவர்களுக்குப் பலன் இங்கிருந்துதான் வருகிறது என்பது என் கணிப்பு. இங்கே கண் வரியில் தாவித் தாவி நின்று நிஜமாகவே படிக்கிறது, மங்கல் இருந்தால் ஒவ்வொரு தாவலிலும் தடுக்கும்.

நம்பிக்கை வராதவர்கள் இதைச் செய்து பாருங்கள். படிக்காத இரண்டு புத்தகங்களை எடுத்து, ஒன்றைக் கண்ணாடியோடோ இல்லாமலோ முறைப்படி புரட்டுங்கள், மற்றதைத் தொடவே தொடாதீர்கள். வீட்டில் யாரையாவது இரண்டிலிருந்தும் பத்துப் பத்துக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். என் மனைவி கேட்டபோது புரட்டியதில் மூன்று சரி, தொடாததில் நான்கு. இப்போது நான் படிப்பதற்கென்று ஒரே பவரில் தனிக் கண்ணாடி செய்து வைத்திருக்கிறேன், ப்ரோக்ரெசிவ் தெருவுக்குப் போக மட்டும்.