டியூஷன் நிலையமா, கோயில் மண்டப வகுப்பா?

பெரியவன் எஸ்.பி.எம். (மலேசியாவில் படிவம் 5 முடிவில் எழுதும் அரசுத் தேர்வு) எழுதி முடித்துவிட்டான். மகள் இப்போது படிவம் 4. நாங்கள் இருக்கும் கோலாலம்பூர் செந்தூலில் பார்ப்பவர்கள் எல்லாம் கேட்கும் கேள்வி எங்கள் வீட்டுக்கும் மறுபடி வந்திருக்கிறது: கடைவீட்டு மாடியில் நடக்கும் டியூஷன் நிலையமா, கோயில் மண்டபத்து வார இறுதி வகுப்பா? பெரியவனை இரண்டுக்கும் அனுப்பியிருக்கிறோம். நான் மண்டபத்தின் பக்கம், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காசுக் கணக்கு தெரிந்ததுதான். நிலையத்தில் பாடத்துக்கு மாதம் 70 வெள்ளி (ரிங்கிட்), நான்கு பாடத்துக்கு 280. மண்டபத்தில் எல்லாம் சேர்த்தே 20, அதுவும் நகலெடுக்கும் செலவுக்கு. வசதி என்று பார்த்தால் நிலையம்தான் மேல். மண்டபத்தில் கல்யாணம் இருந்தால் வகுப்பு பின்பக்கச் சமையல் கூடத்துக்குப் போய்விடும்.

என் மனதை மாற்றியது வேறு. முன்பெல்லாம் ஆறாம் ஆண்டில் ஒரு தேர்வு, படிவம் 3-இல் ஒரு தேர்வு. பிள்ளை எங்கே நிற்கிறது என்று முடிவுத்தாளே சொல்லிவிடும். அந்த இரண்டும், ஆறாம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். 2021-இலும் படிவம் 3-இன் பி.டி.3 2022-இலும், போய்விட்டன. மகள் வயதுப் பிள்ளைகளுக்கு முதல் பெரிய அரசுத் தேர்வே எஸ்.பி.எம்.தான். அதில் மலாய்மொழியும் வரலாறும் தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது, மற்றதில் எத்தனை ஏ வாங்கினாலும். நடுவில் பையன் சறுக்கினால் யார் பார்த்துச் சொல்வது?

நிலையத்தில் யாரும் சொல்லவில்லை. பெரியவன் ஐந்து செவ்வாய்க்கிழமை மலாய்மொழி வகுப்புக்குப் போகாமல் கீழே மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் உணவுக்கடை) உட்கார்ந்திருக்கிறான். ரசீது மட்டும் மாதா மாதம் ஒழுங்காக வந்தது. ஆசிரியர் மேல் கோபமில்லை, நன்றாகத்தான் நடத்தினார். ஆனால் வகுப்பில் நாற்பது பேர்.

மண்டபத்தில் வருகைப் பதிவு ஒரு 555 நோட்டு. மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அதேதான். இரண்டு மணி வகுப்புக்கு 2.20 ஆனால் போன் வந்துவிடும். “அங்கிள், தம்பி இன்னும் வரலையே, உடம்பு சரியில்லையா?” கூப்பிடுவது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண், இதே மண்டபத்தில் படித்துப் போனவள். அவன் கட்டுரையை வரி வரியாகப் பார்த்து, “கருத்தெல்லாம் இருக்கு அங்கிள், இம்புஹான்தான் உதைக்குது” என்று, மலாய்ச் சொற்களோடு சேரும் முன்னொட்டு பின்னொட்டுகளில்தான் தவறு என்று கண்டுபிடித்ததும் அவள்தான். கடைசியில் மலாய்மொழியில் பி வாங்கினான். இப்படித் தொண்டர்களை வைத்துப் பாடம் நடத்துவது நமக்குப் புதிதில்லை. 1982-இல் தொடங்கிய, மலேசிய இந்திய மாணவர்களுக்கான கல்வி அமைப்பான ஸ்ரீ முருகன் நிலையம் வளர்ந்ததும் இந்த வழியில்தான்.

குறையும் உண்டு. தொண்டர்களுக்கே தேர்வு வந்தால் இரண்டு மூன்று வாரம் ஆள் இருக்காது. கூடுதல் கணிதத்துக்கு எங்கள் மண்டபத்தில் நிரந்தரமாக யாரும் இல்லை. பெரியவன் கணக்கியல் எடுத்ததால் அது எங்களைப் பாதிக்கவில்லை. மகள் அறிவியல் எடுத்திருக்கிறாள், அங்கே என் அனுபவம் செல்லாது. இணையக் காணொளியா? தானாக உட்காரும் பிள்ளைக்குச் சரி. எங்கள் வீட்டில் பத்தாவது நிமிடமே விரல் வேறு பக்கம் போய்விடும்.

அதனால் மகளுக்கு மலாய்மொழியும் வரலாறும் மண்டபத்தில், கூடுதல் கணிதம் மட்டும் ஒரு நிலையத்தில். சேர்க்கப் போன அன்று, “பிள்ளை வராவிட்டால் கூப்பிடுவீர்களா?” என்று மேசையில் இருந்தவரிடம் கேட்டேன். “நீங்க கேட்டா சொல்வோம் அங்கிள்” என்றார். சரி, வாராவாரம் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு 70 வெள்ளியைக் கட்டினேன்.