நாலா, அஞ்சா? ரக்பி லீக்கும் யூனியனும் புள்ளி தரும் விதம்

ரக்பியில் யூனியன், லீக் என இரண்டு வகை உண்டு. சிங்கப்பூரில் ரக்பி என்றால் பெரும்பாலும் யூனியன்தான். பள்ளித் திடல்களில் ஆடப்படுவதும் காலாங் தேசிய விளையாட்டரங்கில் நடக்கும் எழுவர் ஆட்டமும் அந்த வகையைச் சேர்ந்தவை. அதனால்தான் உயர்நிலைப் பள்ளி அணியில் ஆடும் என் அக்காள் மகன், ஆஸ்திரேலிய லீக் ஆட்டம் ஒன்றை என்னுடன் தொலைக்காட்சியில் பார்த்தபோது, "மாமா, ட்ரைக்கு அஞ்சுதானே, ஏன் நாலு போடுறாங்க?" என்று கேட்டான். கேள்வி சிறியது, ஆனால் இவ்விரண்டு ஆட்டங்களின் குணமும் அந்த ஒரு புள்ளி வேறுபாட்டில்தான் தொடங்குகிறது.

எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் அழுத்துவதுதான் ட்ரை. அதற்கு லீக்கில் 4 புள்ளி, யூனியனில் 5. அதைத் தொடர்ந்து பந்தைக் கோல் கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் கன்வர்ஷனுக்கு இரண்டிலும் 2. எதிரணி தவறு செய்யும்போது கம்பத்தை நோக்கி உதைக்கக் கிடைக்கும் பெனால்டி உதைக்கு லீக் 2 தருகிறது, யூனியன் 3. ஆட்டத்தின் ஓட்டத்திலேயே பந்தைத் தரையில் விழவிட்டு உதைக்கும் டிராப் கோலுக்கு லீக்கில் 1, யூனியனில் 3. இவற்றைத் தனித்தனியாக மனப்பாடம் செய்வதைவிட ஒன்றுக்கொன்று உள்ள விகிதத்தைக் கவனிப்பது நல்லது. லீக்கில் இரண்டு பெனால்டிகள் ஒரு ட்ரைக்குச் சமம். யூனியனிலோ அவை ஒரு ட்ரையைத் தாண்டிவிடுகின்றன.

2023 உலகக் கிண்ண யூனியன் இறுதியாட்டத்தை எடுத்துக்கொள்வோம். பாரிஸில் தென்னாப்பிரிக்கா நியூசிலாந்தை 12-11 என வென்றது. தென்னாப்பிரிக்காவின் 12 புள்ளிகளும் நான்கு பெனால்டிகளில் வந்தவை. நியூசிலாந்து ஒரு ட்ரையும் இரண்டு பெனால்டிகளும் எடுத்தது, கன்வர்ஷன் தவறிப்போனது. அதே உதைகளையும் அதே ட்ரையையும் லீக் கணக்கில் போட்டால் 8-8, அதாவது சமநிலை! விதி வேறாக இருந்திருந்தால் ஆட்டமும் வேறாகத்தான் ஆடப்பட்டிருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. என் வாதத்துக்கு வலுச் சேர்ப்பதே அதுதான். 2 புள்ளிதான் கிடைக்கும் என்றால், எதிரணியின் கோட்டுக்கு அருகே பெனால்டி பெற்ற லீக் அணித்தலைவர், பெரும்பாலும் கம்பத்தைப் பார்க்காமல், புதிதாகக் கிடைக்கும் ஆறு டேக்கிள்களைக் கொண்டு, அதாவது ஆறு முறை மடக்கிப் பிடிக்கப்படும் வரை பந்தை வைத்திருக்கும் வாய்ப்பைக் கொண்டு, ட்ரைக்கே முயல்கிறார். 6 புள்ளி முன்னிலையில் இருக்கும்போது அவர் மனம் மாறுவதுண்டு. ஏனென்றால் அது 8 ஆகிவிட்டால், கன்வர்ஷனோடு கூடிய ஒரே ட்ரையால் எதிரணி எட்டிப்பிடிக்க முடியாது.

யூனியன் பக்கமும் நியாயம் இருக்கிறது. தவறு செய்தால் 3 புள்ளி பறிபோகும் என்ற அச்சம் தடுப்பவர்களை ஓரளவு கட்டுப்படுத்துகிறது. லீக்கில் விலை குறைவு என்பதால், கோட்டருகே வேண்டுமென்றே தவறு செய்து நேரம் வாங்கும் பழக்கம் உண்டு. அதை அடக்க, ஆட்டக்காரரைப் பத்து நிமிடம் வெளியே அமர்த்தும் தண்டனையை நடுவர் கையில் எடுக்க வேண்டியிருக்கிறது. தவறு செய்து தடுத்திராவிட்டால் விழுந்திருக்கும் என்று நடுவர் வழங்கும் பெனால்டி ட்ரையிலும் யூனியனே தெளிவு: உதையே இல்லாமல் 7 புள்ளி. லீக்கில் 4 கொடுத்து, கம்பத்துக்கு நேர் எதிரிலிருந்து உதைக்க விடுகிறார்கள்.

இருந்தாலும் யூனியனே ட்ரையின் மதிப்பை 1971இல் 3இலிருந்து 4 ஆகவும், 1992இல் 5 ஆகவும் உயர்த்தியது. லீக் 1983இல் 3இலிருந்து 4க்கு வந்தது. இரண்டும் நடந்த திசை ஒன்றே. பெனால்டியோடு ஒப்பிடும்போது ட்ரைக்குக் கூடுதல் மதிப்பு தருவதில் லீக் முன்னே நிற்கிறது என்பது என் கருத்து.

டிராப் கோலுக்கு 1 புள்ளி போதுமா என்று மருமகன் விடாமல் கேட்டான். 2015 ஆஸ்திரேலிய லீக் இறுதியாட்டத்தை அவனுக்குப் போட்டுக் காட்டினேன். கடைசி நொடியில் கைல் ஃபெல்ட் மூலையில் ட்ரை போட, பிரிஸ்பேனுக்கு எதிராக அவரது வட குயின்ஸ்லாந்து அணி 16-16 எனச் சமன்செய்தது. ட்ரை போட்ட இடத்துக்கு நேர்க்கோட்டில்தான் கன்வர்ஷன் உதைக்க வேண்டும் என்பதால், அதே அணியின் ஜானதன் தர்ஸ்டன் பக்கக் கோட்டோரத்திலிருந்து உதைத்தார். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கூடுதல் நேரத்தில் அவரே உதைத்த டிராப் கோலின் அந்த 1 புள்ளி கிண்ணத்தை வென்று தந்தது. 2021 முதல் அந்த லீக்கில் 40 மீட்டருக்கு அப்பாலிருந்து உதைத்தால் 2 என்று சேர்த்திருக்கிறார்கள். எனக்கு அது தேவையற்றதாகவே படுகிறது. மருமகனோ அந்தக் கம்பத்தில் பட்ட உதையையே மூன்று முறை திருப்பிப் போட்டுப் பார்த்தான். அவன் அணியில் உதைப்பவன் அவன்தான்.