காய்ச்சி அடிச்ச கத்தி, ரொம்ப நாள் யூஸ் பண்ண பிறகு (நடுவுல டெரேரியா கேம் புலம்பலும் உண்டு)

வெட்டுக்கத்தி வாய் பல்லு பல்லா போயிடுச்சு, காய்ச்சி அடிச்சு வாங்கவா புதுசே எடுக்கவான்னு ஃப்ரெண்ட் கேட்டான். நான் அப்படி அடிச்சு வாங்கின கத்தியைத்தான் இன்னும் வச்சிருக்கேன், அதான் எழுதுறேன்.

வாய் சூப்பரா நிக்குது, அதுல குறையே சொல்ல முடியாது. லாரி ஸ்ப்ரிங் பட்டைல அடிச்சது, கார்பன் இருக்கு, அதனால தோய்ச்சல் (சூடாக்கி முக்கி இரும்பை இறுக வைக்கிறது) நல்லா பிடிக்குது. உலைல போட்டதுமே பழைய தோய்ச்சல் மொத்தமா போயிடும், அதனால அடிச்சு முடிச்சு காந்தம் ஒட்டாத சூட்டுக்கு, அதாவது சுமார் 770 டிகிரிக்குக் கொஞ்சம் மேல கொண்டுபோய் எண்ணெய்ல முக்கி, அப்புறம் 200 டிகிரிக்கு மேல வாய்ல வைக்கோல் கலர் ஏறுற வரைக்கும் திரும்ப லேசா சூடு காட்டணும், இந்தக் கடைசி வேலையை விட்டா முதல் வெட்டுலயே வாய் தெறிச்சுடும். எனக்கு அடிச்சுக் கொடுத்தவர் இதெல்லாம் சுத்தமா பண்ணியிருந்தார்.

ஆனா எடை போச்சுங்க! அதான் என்னை இன்னிக்கு வரைக்கும் கடுப்பேத்துது. ஒவ்வொரு தடவை சூடேத்தும்போதும் கருப்பு செதிலா உதிருதே, அது அவ்வளவும் நம்ம இரும்பு. போதாததுக்கு மேல்பக்கம் கார்பனும் குறையும், அந்தத் தோலை சாணைல எடுத்தாத்தான் நல்ல இரும்பு வரும். ஒரே போடுல விழுந்த கிளை இப்ப ரெண்டு போடு கேக்குது.

டெரேரியால இந்தத் தேய்மானமே கிடையாது, காப்ளின் டிங்கரர்ங்கிற கேரக்டர்கிட்ட காசு கொடுத்து எத்தனை தடவை வேணாலும் ரீஃபோர்ஜ் பண்ணு (ஆயுதத்தோட குணத்தை குலுக்கல் மாதிரி மாத்துறது), வாள் அப்படியே இருக்கும், தேயறது நம்ம காசு மட்டும்தான். லெஜண்டரிங்கிற குணம் விழுந்தா டேமேஜ், அதாவது அடியோட பலம், 15% கூடும், அதுக்காக கிளிக் பண்ணிட்டே இருந்தா ப்ரோக்கன்னு ஒண்ணு வந்து 30% குறைச்சுட்டுப் போகும். காசையும் வாங்கிட்டு கத்தியையும் கெடுத்துத் தர்றவன்கிட்ட யாராவது திரும்பப் போவாங்களா? நான் போறேன், அது வேற விஷயம். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கேம்ல 2010-ல வந்த ரீஃபோர்ஜிங் இதைவிட நியாயம், பொருளோட ஒரு ஸ்டாட்ல (திறன் அளவுல) 40% எடுத்து இன்னொண்ணுல போட முடிஞ்சுது, இங்க குறைஞ்சாத்தான் அங்க கூடும், பட்டறை கணக்கும் அதுதானே. 2014-ல அதைத் தூக்கிட்டாங்க.

கத்திக்கு அஞ்சுக்கு நாலு மார்க் தாராளமா போடலாம். ஆனா கேட்டா புதுசே வாங்குடான்னுதான் சொல்லுவேன், இன்னிக்கு ரெண்டாவது போடுலயும் கிளை விழல.