தோ பாயோ மூவறை வீட்டில் கைப்பிடியும் உணரியும்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

என் அம்மாவுக்கு 78 வயது. சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்தில், வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) பழைய மூவறை வீடொன்றில் தனியாக வசிக்கிறார். நான் வேறொரு வட்டாரமான பொங்கோலில் இருக்கிறேன். சென்ற ஆண்டு அந்த வீட்டில் இரண்டு மாற்றங்களைச் செய்தோம். மூத்தோரின் வீடுகளைப் பாதுகாப்பாக மாற்றியமைக்க உதவும் வீவகவின் ஈஸ் திட்டத்தின் வழியாகக் குளியலறையைத் திருத்தினோம். பிறகு ஒரு தனியார் நிறுவனத்திடம் மாதச் சந்தா கட்டி, நடமாட்ட உணரிகளையும் அவசர அழைப்புப் பொத்தானையும் பொருத்தினோம். இரண்டையும் ஓராண்டு பயன்படுத்திப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

முதலில் ஈஸ். 2012 இல் தொடங்கிய இத்திட்டத்துக்கு, 65 வயதைக் கடந்த ஒருவர் வீட்டில் இருந்தால் விண்ணப்பிக்கலாம். 60 முதல் 64 வயது வரையுள்ளவர்கள், அன்றாடச் செயல்களில் ஒன்றுக்காவது பிறர் உதவி தேவைப்பட்டால் தகுதி பெறுகிறார்கள். செலவில் 87.5 முதல் 95 சதவீதம் வரை அரசு ஏற்கிறது. மூவறையும் அதைவிடச் சிறியதுமான வீடுகளில் வசிக்கும் குடிமக்கள் 5 சதவீதம் மட்டுமே கட்டினால் போதும். தோ பாயோவின் பழைய மூவறை வீடுகளை அறிந்தவர்களுக்கு அங்குள்ள சிக்கலும் தெரிந்திருக்கும்: சமையலறைக்குப் பின்னால் கழிப்பறையும் குளியலறையும் தனித்தனிச் சிற்றறைகளாக இருக்கும், ஒவ்வொன்றின் வாயிலிலும் தண்ணீரைத் தடுக்க ஒரு திண்டு இருக்கும், இரவில் அரைத்தூக்கத்தில் அதைத் தாண்டும் ஒரு நொடியில்தான் கால் இடறும். சுவரில் கைப்பிடிகளும், தரை ஓடுகளில் வழுக்காமைப் பூச்சும், வாயிலில் சிறு சாய்தளமும் கேட்டோம். துளையிடும் தூசியை இரண்டு நாள் துடைக்க வேண்டியிருந்தது. குறை என்று சொல்ல அதைத் தவிர வேறொன்றும் இல்லை.

கைப்பிடியின் உயரத்தை முடிவு செய்யும்போது மட்டும், பயன்படுத்தப் போகிறவரையே நிற்கவும் உட்காரவும் வைத்து அளவெடுக்கச் சொல்லுங்கள். முதலில் என் கைக்கு வசதியாக இருந்த இடத்தைத்தான் காட்டினேன். "நீயா இங்கே குளிக்கப் போகிறாய்?" என்று அம்மா கேட்ட பிறகு குறியைக் கீழே இறக்கினோம். 2024 ஏப்ரல் முதல் இத்திட்டத்தில் மடக்கக்கூடிய குளியல் இருக்கை, அகலமான விளக்கு விசை, கழிப்பறை வாயில் திண்டைத் தாழ்த்திக் கொடுப்பது முதலியவையும் சேர்க்கப்பட்டிருப்பதால், முன்பே கைப்பிடி வைத்துக்கொண்டவர்களும் மறுபடி பட்டியலைப் பார்ப்பது நல்லது.

உணரிகளின் கதை இவ்வளவு நேரானது அல்ல. கூடத்திலும் சமையலறை வழியிலும் குளியலறைக்கு வெளியிலும் ஒவ்வோர் அகச்சிவப்பு உணரியும், முன்கதவில் காந்த உணரி ஒன்றும், கழுத்தில் தொங்கவிடும் பொத்தான் ஒன்றும் வந்தன. படக்கருவி கிடையாது என்ற உறுதியின் பேரில்தான் அம்மா சம்மதித்தார். வழக்கமான நேரத்தில் நடமாட்டம் தென்படாவிட்டால் என் கைப்பேசிக்குச் செய்தி வரும்.

இந்த ஏற்பாடு புதியதன்று. 2014 இல் தொடங்கிய ஷைன்சீனியர்ஸ் என்ற ஆய்வில், சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகமும் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனமும் இணைந்து மரின் பரேட் வட்டாரத்தில் தனியாக வாழும் மூத்தோரின் வீடுகளில் இத்தகைய உணரிகளைப் பொருத்திப் பார்த்தன. தனியாக வாழ்பவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அகச்சிவப்பு உணரிக்கு ஆளின் அடையாளம் தெரியாது; வெப்பமுள்ள ஓர் உடல் அசைந்தது என்பது மட்டுமே தெரியும். என் அக்காள் மகள் ஒரு வாரம் தங்கியபோது, அம்மா எழுந்தாரா இல்லையா என்பதைப் பற்றி அந்தக் கருவியிடமிருந்து எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மாறாக, அம்மா நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து தமிழ் முரசு படித்த பிற்பகல்களில் எச்சரிக்கை வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, வைரவிமட காளியம்மன் கோயிலில் பூசை முடிய நேரமானதால் அம்மா தாமதமாகத் திரும்பினார். கதவு திறந்து மூடியதைக் கருவி பதிவு செய்யத் தவறியதால், அவர் வீட்டுக்குள்ளேயே அசைவின்றிக் கிடப்பதாக எனக்குச் செய்தி வந்தது. அலுவலகத்திலிருந்து டாக்சி பிடித்து ஓடினேன்.

பொத்தானை அம்மா பெரும்பாலும் அணிவதில்லை. கழுத்துச் சங்கிலியோடு சிக்கிக்கொள்கிறது என்று சொல்லி முருகன் படத்துக்கு அருகே ஆணியில் மாட்டியிருக்கிறார். இதை அவருடைய பிடிவாதம் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். ஆனால் பிரிட்டனின் கேம்பிரிட்ஜில் 90 வயதைக் கடந்தவர்களிடம் நடத்தி 2008 இல் வெளியான ஆய்வும் இதையே காட்டியது: விழுந்து நெடுநேரம் தரையில் கிடக்க நேர்ந்தபோதும், கைவசம் இருந்த அழைப்புக் கருவியைப் பெரும்பாலோர் பயன்படுத்தவில்லை. ஆகவே பொத்தானை மட்டும் நம்பி வாங்க நினைப்பவர்களுக்கு வேண்டாம் என்பேன்.

என் பெரிய மனக்குறை வேறொன்று. பொத்தானை அழுத்தினால் ஒலிப்பெருக்கியில் பேசும் குரல் ஆங்கிலத்திலும் மாண்டரினிலும் மட்டுமே பேசுகிறது. மறுமுனையில் எடுப்பவரும் அப்படியே. பதற்றத்தில் இருக்கும் 78 வயதுக்காரர் தமிழில்தான் பேசுவார். ஆட்சிமொழிகளில் ஒன்றாகத் தமிழ் இருக்கும் நாட்டில் விற்கப்படும் கருவி இது. இருமுறை எழுதிக் கேட்டேன். பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. பிறகு முதல் அழைப்பு என் கைப்பேசிக்கும், இரண்டாவது எதிர்வீட்டு ஜமீலா அக்காவுக்கும் போகும்படி நானே அமைப்பை மாற்றிவிட்டேன். அவர் மலாய்க்காரர். அம்மாவுக்கு மலாய் நன்றாகவே வரும்.

வேறு வழியையும் பார்த்தோம். 2021 இல் புக்கிட் பாத்தோக்கில் விற்பனைக்கு வந்த, மூத்தோருக்கான சமூகப் பராமரிப்பு அடுக்குமாடி வீடுகளில், சுமார் 32 சதுர மீட்டர் வீட்டோடு 24 மணி நேர அவசர உதவியும் கட்டாயச் சேவைத் தொகுப்பாகவே வருகிறது. அழைப்புக்கு ஓடி வர ஆள் இருக்கும் ஏற்பாடு என்பதால் எனக்குப் பிடித்திருந்தது. அம்மா விலையைக்கூடக் கேட்கவில்லை. தோ பாயோ ஈரச்சந்தையை விட்டு வர முடியாது என்றார்.

ஈஸ் திட்டத்துக்கு ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன். உணரிகளுக்கு இரண்டரை, அந்த அரையும், ஒருநாள் காலை வரவேண்டிய நேரத்தில் நடமாட்டம் இல்லை என்று அது எனக்குச் சொன்னதால்தான். அம்மா காய்ச்சலில் எழ முடியாமல் படுத்திருந்தார். சந்தாவை இன்னும் ஓராண்டுக்குப் புதுப்பித்திருக்கிறேன். உணரிகளின் மின்கலம் மாற்ற வேண்டிய தேதியை, அமாவாசைக்குப் பக்கத்திலேயே, அம்மா நாட்காட்டியில் சிவப்பு மையால் குறித்து வைத்திருக்கிறார்.